வால் கட்டாத வேலை

நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு நீதிமன்றம். அதனாலோ என்னவோ, அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்தே வாய்தாதான். மழைக்கு ஒரு வாய்தா, கம்பி வராததற்கு ஒரு வாய்தா, நீதிபதிகள் குழு கூடி மேடையின் உயரத்தை மாற்றியதற்கு ஒரு வாய்தா. இத்தனை வாய்தாவையும் கணக்கில் வைத்துக்கொண்டு, கட்டடம் எப்போது முடியும் என்று வாராவாரம் சொல்லவேண்டிய பாவப்பட்ட ஜென்மம் ஒன்று எங்கள் சைட்டில் இருந்தது. அவரை எல்லோரும் அட்டவணை சார் என்போம்.

நான் ஸ்டோர் கீப்பர். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஓர் இரும்புக் கன்டெய்னரை அறையாக்கிக் கொடுத்திருந்தார்கள். பாதி என் ராக்குகள், பாதி அவர் மேஜை. நடுவில் ஒரு மின்விசிறி. அதன் கழுத்து சிக்கிக்கொண்டு எந்நேரமும் அவர் பக்கமே நிற்கும். அதற்காகவே எனக்கு அவர்மேல் கடுப்பு. பிறகு ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் மின்விசிறியையே தூக்கித் திருப்பி என் பக்கம் வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிச் செய்கிற ரகம் இல்லை அவர். நானும் நன்றி சொல்லவில்லை, ஏனென்றால் நான் அந்த ரகம் இல்லை.

ஐம்பதைத் தாண்டியவர். நெட்டையான உடம்பு, கொஞ்சம் முன்னால் சாய்ந்த தோள். டீயை ஆறவிட்டுத்தான் குடிப்பார், ஆறியது தெரியாமல். யாராவது கதவைத் தட்டினால் "சொல்லுங்க" என்பார். மூட்டையைக் கீழே இறக்கி வைக்கிறவரின் குரல் அது. இருபத்தைந்து வருடமாக அடுத்தவர்களின் தாமதத்தைக் கூட்டிக் கழித்த மனிதருக்கு வேறு எப்படிக் குரல் வரும்?

அவர் வேலையை நான் புரிந்துகொண்டது இப்படி. கட்டடத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள். எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோப்பார். பிறகு முன்னாலிருந்து எண்ணுவார்: இந்த வேலை சீக்கிரமாக என்றைக்கு முடியும்? அடுத்து, கட்டடத்தின் கடைசி நாளிலிருந்து தலைகீழாக எண்ணிக்கொண்டு வருவார்: இதே வேலை என்றைக்குள் முடிந்தால் கட்டடத்துக்குக் கெடுதல் இல்லை? இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுகிற நாள்களுக்கு சைட்டில் ஃப்ளோட் என்று பெயர். தூணுக்கு ஃப்ளோட் கிடையாது. தூண் ஒருநாள் தள்ளிப்போனால் கட்டடமே ஒருநாள் தள்ளிப்போகும். சுற்றுச்சுவர் பெயின்டுக்கோ ஏராளமாக இருக்கும். அதை இன்று அடித்தால் என்ன, அடுத்த மாதம் அடித்தால் என்ன, யார் அழப்போகிறார்கள்?

இது தெரிந்த நாளிலிருந்து கான்ட்ராக்டர்களுக்கு வேறு பேச்சே இல்லை. பிளம்பிங் மேஸ்திரி தலையை மட்டும் உள்ளே நீட்டுவார்.

"சார், எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"உனக்குக் குடுத்த லீவு இல்லப்பா அது. நீ தின்னுட்டா உனக்குப் பின்னாடி வர்ற டைல்ஸ்காரன் பட்டினி."

"ரெண்டு நாள் மட்டும் சார்."

"இதுக்கு ஃப்ளோட் இல்ல. போய் வேலையப் பாரு."

இந்த "இதுக்கு ஃப்ளோட் இல்ல" என்பதை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். அது வால்.

ஒரு வேலையை அதற்கு அடுத்து வருகிற வேலையோடு முடிச்சுப் போடுவதை அவர் வால் கட்டுவது என்பார். வால் கட்டாமல் ஒரு வேலையைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், அந்த வேலைக்காக யாரும் காத்திருக்கவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். காத்திருக்க ஆள் இல்லையென்றால் என்ன அவசரம்? கட்டடத்தின் கடைசி நாள்வரைக்கும் தாராளமாக அவகாசம் கொடுத்துவிடும். எங்கள் சைட்டிலேயே நடந்தது. லிஃப்ட் இறங்கி நிற்கிற குழிக்குத் தண்ணீர் கசியாமல் பூச்சு பூசவேண்டும். அந்த வேலைக்கு ஒரு சின்ன எஞ்சினியர் வால் கட்ட மறந்துவிட்டான். மாதக்கணக்கில் ஃப்ளோட் காட்டிற்று. எல்லோரும் நிம்மதியாக அதை மறந்தார்கள். ஒருநாள் லிஃப்ட் லாரியில் வந்து இறங்கிற்று. குழியில் முழங்கால் அளவு தண்ணீர். அத்தனை விலை கொடுத்து வாங்கிய லிஃப்ட் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மழையில் கிடந்தது, என் பொறுப்பில்.

அன்றைக்குத்தான் அவர் மேஜையைத் தட்டியதைப் பார்த்தேன். "அது அவகாசம் இல்லடா, அனாதை! யாரும் கேக்க ஆள் இல்லைன்னு நீயே எழுதிக் குடுத்திருக்க!" என்றார். சின்ன எஞ்சினியர் அழாத குறை. அதற்கப்புறம் வாராவாரம் அட்டவணையில் வால் கட்டாத வேலைகளைத் தேடிப் பிடிப்பது அவருக்கு ஒரு வழிபாடு மாதிரி ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட மனிதர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மழைக்காலம் ஆரம்பிக்கும் சமயம். மூக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று கண் டாக்டரிடம் போனவர், மருந்துச் சீட்டோடு திரும்பினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதாம். பார்வை ஓரத்திலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல உள்நோக்கிச் சுருங்குமாம். வலிக்காது, அதனால் தெரியாது. சொட்டு மருந்து போட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் மருந்துக்கு அடங்கவில்லை.

"என்ன சார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஆபரேஷன் பண்ணணுமாம். போனது போனதுதான், திரும்ப வராது. இருக்கறதக் காப்பாத்திக்கலாம், இழுத்தடிக்காதீங்கன்னாரு."

"எப்போ பண்ணப் போறீங்க?"

"போட்டுட்டேன்ல" என்று திரையைக் காட்டினார்.

அட்டவணையின் அடிவாரத்தில், கடைசிச் சுத்தம் செய்கிற வேலைக்கும் கீழே, ஒரே ஒரு சொல்: கண். ஒரு குட்டி நீலப் பட்டை. அதற்குப் பின்னால் ஃப்ளோட்டைக் காட்டும் மெல்லிய கோடு, திரையின் ஓரம்வரை ஓடிற்று.

"பாருங்க ஸ்டோரம்மா, சுற்றுச்சுவருக்குக்கூட இவ்வளவு இல்ல" என்றார். அட்டவணையைப் பார்த்து அவர் சிரித்தது எனக்குப் புதுசு. நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு பெயின்ட் லோடு வந்துவிட்டது, போய்விட்டேன்.

இதில் இன்னொரு கொடுமை இருந்தது. முன்பக்கத்துக் கண்ணாடிச் சுவர் வேறு ஊரிலிருந்து வரவேண்டும், வரவில்லை. கட்டடம் முடியும் நாள் தள்ளிப்போனது. நீதிபதிகள் குழு மறுபடி கூடிற்று, சாட்சிக் கூண்டை இடமாற்றச் சொன்னது. இன்னும் தள்ளிப்போனது. கட்டடம் பின்னால் போகப் போக, கடைசி நாளிலிருந்து எண்ணுகிற அந்த மெல்லிய கோடும் நீண்டது. சைட்டில் எல்லோருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கண்ணுக்கு மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. அவரும் வாராவாரம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஆபரேஷன் என்றால் சில வாரம் திரை பார்க்கக்கூடாது. மேனேஜரிடம் லீவு கேட்கப் போனால், இவர் கேட்பதற்கு முன்பே "இந்தக் கண்ணாடி வேலை மட்டும் முடிஞ்சிடட்டும் சார்" என்பார் மேனேஜர். இவரும் தலையாட்டிவிட்டு வருவார். நான் ஒருநாள் பிடித்துக் கேட்டேன்.

"ஏன் சார் இப்படி நாளைக்கு நாளைக்குன்னு தள்றீங்க? உங்களுக்குப் பயமா?"

"பயமெல்லாம் இல்லம்மா" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "முடியல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கும் ஒரு தெம்பு வேணும்ல? லீவு கேக்கணும், அதுக்குப் பேசணும். வேற ஆளைப் பிடிக்கணும், அவனுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுக்கணும். நெனைச்சாலே படுத்துக்கலாம் போல இருக்கு."

அவர் சொன்னது எனக்கும் தெரிந்த களைப்புதான். என் முழங்கால் வலிக்கு நான் எந்த டாக்டரைப் பார்த்தேன்?

அவர் மனைவி தொலைபேசி நிலையத்தில் புகார்ப் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, அந்தம்மாவுக்கு நாக்கில் பதம் ஏறியிருந்தது. கணவர் எடுக்கமாட்டார் என்று தெரிந்து எனக்குத்தான் போன் போடுவார்.

"உங்க அட்டவணைல எங்க வீட்டுக்காரர் எந்த மாடில இருக்காரு?"

"அடிவாரத்துல இருக்காருங்க."

"அங்கயே பூசி மெழுகிட வேண்டியதுதான். சாப்பிட்டாரா?"

சிரிப்பார். போனை வைப்பதற்கு முன் "தேதி ஏதாவது சொன்னாரா?" என்று மெல்லக் கேட்பார். அந்தக் கேள்விதான் எனக்குச் சங்கடம்.

இதற்கிடையில் அவர் மேஜை ஓரத்து டீ கிளாஸைத் தட்டிவிடுவது வழக்கமாயிற்று. என் ராக்கின் முனையில் இடித்துக்கொண்டார். நான் பைப் சுற்றுகிற ஸ்பாஞ்சை வெட்டி முனைகளுக்கு ஒட்டினேன். "ஸ்டோர் பொருள வீணாக்கறீங்க" என்றார். "உங்க தலையவிட ஸ்பாஞ்சு மலிவு" என்றேன். பக்கத்தில் வந்து நிற்கிறவர்கள் பேசினால்தான் அவர் கவனிக்கிறார் என்பதும் எனக்குப் புரிந்தது. ஆனால் திரையைப் பார்க்கையில் ஒரு குறையும் இல்லை. நேரே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் அவரை ஏமாற்றிற்று.

அவருக்கு ஒரே மகள். பிறவியிலேயே காது கேட்காது. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கிற ஒரு பட்டறையில் வேலை. கையில் அத்தனை நுணுக்கம். பேச்சும் கையால்தான். அப்பா, அம்மா, மகள் மூவருக்கும் அதுதான் வீட்டு மொழி. கட்டடம் தொடங்கிய புதிதில் ஒருதரம் அப்பாவைப் பார்க்க வந்தவள், பட்டறையில் நடந்த ஏதோ ஒரு கதையைச் சொன்னாள் பாருங்கள், இரண்டு கையும் தோளுக்கு மேலே பறந்தன, எங்கள் கன்டெய்னர் போதவில்லை. கதையின் உச்சத்தில் என் ராக்கிலிருந்த போல்ட் டப்பா ஒன்று கீழே விழுந்து சிதறிற்று. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து போல்ட் பொறுக்கினோம்.

அந்தப் பெண் பல மாதம் கழித்து ஒரு மதியம் வந்தாள். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியிருந்தது. அப்பாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினாள். இந்தத் தடவை என் டப்பாவுக்கு ஆபத்து இல்லை. இரண்டு கையையும் தாடைக்குக் கீழே ஒடுக்கி வைத்துக்கொண்டு, விரல்களை மட்டும் அசைத்தாள். உல்லன் பின்னுகிறவர்களைப் போல. ஏதோ ஒன்று அப்பாவுக்குப் புரியவில்லை. அதை இன்னும் சின்னதாக, இன்னும் முகத்துக்குப் பக்கத்தில் சொன்னாள். அதுவும் புரியவில்லை. சரி, ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டுச் சிரித்தாள்.

வயசாகிவிட்டது, அடக்கம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மேனேஜர் கூப்பிட்டு அவர் வெளியே போனதும், அவளிடம் என் கைகளைப் பறப்பது போல ஆட்டிக் காட்டி, எங்கே போயிற்று அதெல்லாம் என்று சைகையில் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்துத் தட்டச்சு செய்து என் முன்னால் நீட்டினாள்.

"என் முகத்தைப் பார்த்தா அப்பாவுக்குக் கை தெரியலை. கையைப் பார்த்தா முகம் தெரியலை. அதனால ரெண்டும் ஒரே இடத்துல இருக்கற மாதிரி சின்னதாப் பேசறேன். அங்க அடங்காததை விட்டுடுவேன். அப்பாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க அக்கா."

எப்போதிலிருந்து என்று அவள் போனிலேயே தட்டிக் கேட்டேன். மழை நின்றதிலிருந்து, மாதக்கணக்காக, என்று தட்டினாள்.

சொல்லாமல் இருக்கிற ரகமும் இல்லை நான்.

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல வால் கட்டாத வேலைகளைத் தேடிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில், அவருக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து, உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர்மேலா, மேனேஜர்மேலா, சிரித்துவிட்டுப் போன என்மேலா என்று தெரியவில்லை.

"சார், கண்ணுக்கு வால் எங்க?"

"எதுக்கு?"

"கடைசி வரி. கண். அதுக்கு வால் கட்டியிருக்கீங்களா?"

அவர் திரையின் அடிக்குப் போனார். "அதுக்குப் பின்னாடி என்ன வேலை இருக்கு, கட்டறதுக்கு?" என்றார், தனக்குத்தானே கேட்பதுபோல. "கட்டடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"அந்தப் பையனை என்ன திட்டு திட்டினீங்க அன்னைக்கு? யாரும் கேக்க ஆள் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டியேன்னு. நீங்க மட்டும் என்ன எழுதி வெச்சிருக்கீங்க? உங்க பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா சார். கையக் கட்டிப்போட்டுக்கிட்டு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முகம், கை, அடங்காததை விட்டுவிடுவது, சொல்லாதே என்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தது, ஆறிற்று.

"எப்பலேருந்தாம்?"

"மழை நின்னதுலேருந்து."

அவர் கண் என்ற வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தார். பேச்சு என்று எழுதினார். அதற்கு, மழை நின்ற வாரத்தின் தேதியைக் கொடுத்து, நகராதபடி பூட்டினார். பிறகு கண்ணின் வாலை எடுத்துப் பேச்சோடு கட்டினார். கணக்கிடும் பொத்தானை அழுத்தினார்.

அத்தனை மாதம் நீண்டுகொண்டே போன அந்த மெல்லிய கோடு ஒரு நொடியில் காணாமல் போயிற்று. வரி சிவப்பானது. ஃப்ளோட் காட்டும் கட்டத்தில் ஓர் எண், அதற்கு முன்னால் ஒரு மைனஸ். மைனஸ் என்றால் என்ன என்று சைட்டில் எல்லோருக்கும் அவர் பாடம் எடுத்திருக்கிறார். முடித்திருக்கவேண்டிய நாள் ஏற்கெனவே போய்விட்டது, இனிமேல் எவ்வளவு ஓடினாலும் அந்த நாளைப் பிடிக்க முடியாது. எண்ணை நான் படிக்கவில்லை. அவர் படித்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் அழும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் ராக்கிலிருந்த டப்பாக்களை எண்ணினேன்.

மேனேஜர் அறைக்கு அவர் போனபோது நானும் பின்னால் போனேன், வாசலில் நின்றேன்.

"சார், கண்ணாடி வர்ற நேரத்துல போய்..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"இதுக்கு ஃப்ளோட் இல்ல" என்றார் அட்டவணை சார். அதே அலுத்த குரல்தான். மேனேஜர் லீவுத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அந்த வாரமே நடந்தது. டாக்டர் முதலிலேயே சொன்னதுபோல, போனது போனதுதான். மிச்சம் நின்றது. அவர் இல்லாத நாள்களில் சின்ன எஞ்சினியர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டான். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. நீதிமன்றம் வழக்கம்போல வாய்தா வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வந்து சில நாள் இருக்கும். சாயங்காலம் வேலை முடிகிற நேரம். மகள் கன்டெய்னருக்கு வந்தாள், ஸ்டூலை இழுத்தாள், கைகளைத் தாடைக்குக் கீழே கொண்டுபோனாள். அவர் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். எழுந்து வெளியே அழைத்துப்போய், எதிரே மணல் குவியலைக் காட்டி, அங்கே போய் நில் என்று சைகை செய்தார். அவள் விளங்காமல் நடந்தாள், திரும்பிப் பார்த்தாள். இன்னும், இன்னும் என்று கையால் தள்ளினார். சைட்டின் முற்றம் முழுக்க அவர்களுக்கு நடுவில் வந்துவிட்டது. அத்தனை தூரத்தில் அவள் முழு உருவமும், முகமும் கையும் சேர்ந்து, அவருடைய மிச்சப் பார்வைக்குள் அடங்கிற்று. அவர் இரண்டு கையையும் விரித்து, இப்போது பேசு என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்பதும் சேர்த்துத்தான். என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு அவள் கைகள் தோளுக்கு மேலே எழுந்தன. கம்பி கட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிளம்பிங் மேஸ்திரி வாயைத் திறந்தபடி நின்றார். அவள் யாரையும் பார்க்கவில்லை. மூச்சு விடாமல், கை ஓயாமல், பேசிக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணை எடுக்காமல் நின்றார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

நான் கன்டெய்னர் படியில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன சார் சொல்றா?"

"திட்டறா" என்றார். "மழை நின்னதுலேருந்து பாக்கி."